ரிப்போர்ட்டில் அச்சாகாத வரி

(அமிர்தியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் பொதுமருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், கணியம்பாடிப் பக்கத்துக்காரர்கள், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர்கள் என்று எல்லோரும் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் மடியில் பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் “டாக்டர், இத ஒரு பார்வை பாருங்க” என்பீர்கள். பார்க்கிறேன். அதற்கு முன்னால், அந்தக் காகிதத்தை நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் தலைப்பில் ஐந்து விஷயங்கள் அச்சாகின்றன. பெயர், வயது, ஆணா பெண்ணா, அனுப்பிய மருத்துவர், தேதி. அதற்குக் கீழே நேராக எண்கள். இவர் என்ன வேலை பார்க்கிறார், எந்த மாதத்தில் காய்ச்சல் வந்தது, இருமல் பகலிலா ராத்திரியிலா, வெறுங்காலோடு நடக்கிறவரா, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதெல்லாம் அதில் கிடையாது. லேப்காரரைக் குறை சொல்ல வழியில்லை, அவர் கைக்கு வந்தது ஒரு குழாய் ரத்தம் மட்டும். காரணம் பிடிபடாத உடம்புத் தொல்லையோடு, கோணலான சில எண்களும் கையில் இருக்கும்போது, விடை பெரும்பாலும் அந்த அச்சாகாத வரியில்தான் கிடக்கிறது. இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த பயமுறுத்தும் குறி. சில லேப்களில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘எச்’ அல்லது ‘எல்’ என்று போடுவார்கள், சிலர் தடித்த எழுத்தில் அடிப்பார்கள், சிலர் சிவப்பில். பார்த்ததுமே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். ‘நார்மல்’ என்று பக்கத்தில் போட்டிருக்கும் அளவு எப்படி வந்தது? நோயில்லாத ஆட்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து, வந்த எண்களை வரிசையாக அடுக்குகிறார்கள். நடுவிலிருக்கும் 95 சதவீதத்தை வைத்துக்கொண்டு, மேலே இரண்டரை, கீழே இரண்டரை சதவீதத்தை வெட்டிவிடுகிறார்கள். ஆக, நல்ல ஆரோக்கியமாக இருக்கும் 100 பேரில் 5 பேருக்கு எந்தச் சோதனையிலும் குறி விழும், அந்தக் கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. (சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எல்லை வகுக்கும் முறை வேறு. அந்தப் பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

இப்போது ‘மாஸ்டர் செக்கப்’ பேக்கேஜுக்கு வாருங்கள். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், எந்த நோயும் இல்லாதவருக்குக்கூட ஒரு குறியாவது விழ 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 60 சோதனை செய்தால் அது 95 சதவீதத்தைத் தொட்டுவிடும். உண்மையில் சில சோதனைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை, அதனால் கணக்கு கொஞ்சம் தளரும். இருந்தாலும் விஷயம் புரிந்திருக்கும். அறுபது வரியும் சுத்தமாக வந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்குத்தான் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஆண்களுக்கான ஷூ பெரும்பாலும் ஆறாம் நம்பரிலிருந்து பத்தாம் நம்பருக்குள் விற்கும். பதினொன்று கேட்பவர் நோயாளி இல்லை. ஆனால் இருபது வருஷமாக ஏழு போட்டவருக்கு இந்த மாதம் எட்டே இறுக்கிப் பிடிக்கிறது என்றால், அவர் கால் ஏன் வீங்குகிறது என்று கேட்டாக வேண்டும், எட்டு என்பது ‘நார்மல்’ அளவுக்குள்ளேயே இருந்தாலும். அதனால்தான் புது ரிப்போர்ட்டோடு பழையதையும் கேட்கிறேன். பத்து வருஷமாக ஹீமோகுளோபின் 11 ஆக இருக்கும் அம்மாவையும், ஆறு மாதத்தில் 14-லிருந்து 11-க்கு இறங்கிய ஐம்பது வயது ஆணையும் ஒரே மாதிரி பார்க்க முடியாது. இரண்டாமவருக்கு எங்கோ ரத்தம் கசிகிறதா என்று குடலைப் பார்த்தே தீரவேண்டும்.

சரி, கதைக்கு வருகிறேன். நம் பக்கத்துக் கதை.

வேலூரிலிருந்து சித்தூர் வழியாக மேற்கே போனால் மதனப்பள்ளி வரும். அங்கே ஆரோக்கியவரம் என்ற இடத்தில் 1910-களில் ஒரு காசநோய் மருத்துவமனையைக் கட்டினார்கள். அதை வளர்த்தெடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ரிமாட்-மோலர். அங்கே வந்து சேர்பவர்களில் ஒரு வகை நோயாளிகள் அவரைக் குழப்பினார்கள். இருமல், இளைப்பு, லேசான காய்ச்சல், எடை குறைவு. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளிகள். பார்த்தால் டிபி போலவே இருக்கும், ஆனால் சளியில் டிபி கிருமி கிடைக்காது. இவர்களில் பலருக்கு இருமல் ராத்திரியில்தான் கொல்லும். விடியற்காலம் வரை உட்கார்ந்தே இருப்பார்கள், பகலில் ஓரளவு சரியாகிவிடும். ரத்தத்தைப் பார்த்தால் ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளணு எக்கச்சக்கம். ஃப்ரிமாட்-மோலரும் பார்ட்டன் என்ற மருத்துவரும் 1940-இல் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் இதை எழுதினார்கள். டிபி இல்லை என்று மட்டும் அவர்களால் சொல்ல முடிந்தது. அதுவே பெரிய காரியம். அந்தக் காலத்தில் டிபி முத்திரை குத்தினால் ஒரு மனிதனின் கல்யாணம், வேலை எல்லாம் போனது.

மூன்று வருஷம் கழித்து, 1943-இல், வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் லான்செட் இதழில் இதே நோய்க்கு ‘டிராபிகல் ஈசினோபீலியா’ என்று பெயர் சூட்டி எழுதினார். மருந்து அவருக்குத் தற்செயலாகக் கிடைத்தது. இந்த இருமல் இருந்த ஒருவருக்கு மேகநோயும் இருந்தது. அதற்காக அந்தக் காலத்து ஆர்சனிக் ஊசி போட்டார், இருமல் நின்றுவிட்டது! பிறகு மற்றவர்களுக்கும் அதையே போட்டார்கள். மருந்து வேலை செய்கிறது, ஆனால் எதன்மேல் வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. நோய்க்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, காரணம் மட்டும் இல்லை.

யானைக்கால் நோயின் புழுவான ஃபைலேரியாவின் மேல் சந்தேகம் விழுந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும், ஃபைலேரியா ரத்தம் எடுக்க ராத்திரியில்தான் வீட்டுக்கு வருவார்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் நள்ளிரவை ஒட்டித்தான் வெளி ரத்தத்தில் நீந்தும். அப்படி ராத்திரி எடுத்த ரத்தத்திலும் இந்த நோயாளிகளிடம் ஒரு குஞ்சுகூடக் கிடைக்கவில்லை. அப்போ ஃபைலேரியா இல்லை என்றுதானே யாரும் சொல்வார்கள்? ஆனால் ஐம்பதுகளில் ஃபைலேரியா மாத்திரையான டைஎத்தில்கார்பமசினைக் கொடுத்துப் பார்த்தால் இவர்களுக்கு நன்றாகக் கேட்டது. சிங்கப்பூரில் டி.ஜே. தனராஜ் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தார், பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக இருந்தவர் அவர்.

முடிச்சு அவிழ்ந்தது வேலூரில். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் குழந்தை மருத்துவர் வெப், நோய்க்குறியியல் நிபுணர்கள் சி.கே. ஜாப், கால்ட் ஆகிய மூவரும் 1960-இல் லான்செட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரத்தத்தில் தேடுவதை விட்டுவிட்டு, இந்த நோயாளிகளின் நுரையீரல், ஈரல், நெறிகட்டி ஆகியவற்றின் திசுக்களில் தேடினார்கள். மைக்ரோஃபைலேரியாக்கள் அங்கே இருந்தன. ஈசினோபில்கள் அவற்றைச் சுற்றி வளைத்துக் கொன்றுகொண்டிருந்தன. இந்த மனிதர்களின் உடம்பு ஃபைலேரியாவை அளவுக்கு மீறி வெறுக்கிறது. குஞ்சு வெளியே வந்து நீந்துவதற்குள்ளேயே நுரையீரலில் பிடித்துத் தீர்த்துவிடுகிறது. ரத்தத்தில் புழு இல்லாததற்குக் காரணமே நோயின் உக்கிரம்தான். அந்தச் சண்டையில் பழுதாவது அவர்களுடைய நுரையீரல். கவனிக்காமல் விட்டால் வருஷக்கணக்கில் தழும்பேறி, மூச்சே நிரந்தரமாகக் குறைந்துபோகும். பிடித்துவிட்டால் மூன்று வார மாத்திரை.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. “சோதனை நெகட்டிவ், அதனால் அந்த நோய் இல்லை” என்று அந்த மூவரும் நின்றுவிடவில்லை. உங்களுக்கும் “எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல” என்று யாராவது சொன்னால், தேடிய இடம் சரிதானா என்று கேட்க உரிமை இருக்கிறது. மரியாதையாகக் கேளுங்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்விளைவும் இருக்கிறது. ‘ஈஸ்னோபீலியா’ என்ற சொல் நம் ஊரில் வீட்டுச் சொல்லாகிவிட்டது. மூக்கு ஒழுகினால் ஈஸ்னோபீலியா, தும்மினால் ஈஸ்னோபீலியா. ஒரு காலத்தில் அதே டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை ஹெட்ராசான் என்று கடையிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இங்கே ஒரு கணக்கு கற்றுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் ஈசினோபில் 8 சதவீதம் என்று போட்டு, பக்கத்தில் ‘எச்’ இருக்கும். சதவீதத்தைப் பார்க்காதீர்கள். மொத்த வெள்ளணு எத்தனை? 5,000 என்றால் அதில் 8 சதவீதம் 400. ஐந்நூறு வரை சாதாரணம்தான். நான் சொன்ன ராத்திரி இருமல் நோயில் இந்த எண் பெரும்பாலும் 3,000-ஐத் தாண்டும். மொத்தம் 15,000, அதில் ஈசினோபில் 40 சதவீதம் என்றால் 6,000. ராத்திரியில் விசிலடிக்கும் மூச்சோடு இந்த எண் வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். பகலில் தும்மலும் 400-ம் இருந்தால் வீட்டில் எங்கே தூசி என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவேன்.

இடையில் ஒரு நிலை இருக்கிறது. அதுதான் மலைப் பக்கத்தவர்களுக்கு முக்கியம். ஈசினோபில் எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்து இருநூறு. இருமல் இல்லை. ஆனால் வேலை செய்ய முடியவில்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உடம்பு சோர்ந்து கிடக்கிறது. இப்போது கண்ணை அதே காகிதத்தில் மேலே ஓட்டுங்கள். ஹீமோகுளோபின் 8. எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் அளவு. எண்பதுக்குக் கீழே போனால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று அர்த்தம், பெரும்பாலும் இரும்புச்சத்து போதவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு கோளாறு, இரண்டு மாத்திரைச் சீட்டு. சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்விதான்: காட்டுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டா போகிறீர்கள்?

கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாக உள்ளே போகிறது. நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய்ச் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கிறது. ஈசினோபில் ஏறுவதும் ஹீமோகுளோபின் இறங்குவதும் இந்த ஒரு புழுவால்தான். சி.எம்.சி. பங்கேற்ற டீவோர்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வின் இந்தியக் களமே திமிரியும் ஜவ்வாது மலையும்தான். தொடக்கக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கொக்கிப்புழு இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புழு மாத்திரை கொடுக்கிறார்கள், நல்லது. வீட்டில் அப்பா அம்மா உடம்பிலேயே புழு தங்கியிருந்தால் அது திரும்பத் திரும்ப மண்ணுக்கு வரும். உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஊர்கள் இங்கிருந்து ஒரு பஸ் பயணம் தள்ளி இருக்கின்றன, நாம் வெறுங்காலோடு காட்டுக்குப் போகிறோம். நல்ல வேடிக்கைதான்.

தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இது எல்லோருக்கும் பழகிப்போய்விட்டதால், ‘எல்’ என்று குறி விழுந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. ‘பொம்பளைங்கன்னா அப்படித்தான்’ என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால், மாதவிலக்கில் எவ்வளவு போகிறது, மூலத்தில் ரத்தம் போகிறதா, குடலில் புழுவா, பி12 குறைவா, பிறவியிலேயே வந்த தலசீமியா கூறா என்று ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். தலசீமியா கூறு உள்ளவருக்கும் சிவப்பணு சிறுத்துத்தான் இருக்கும். இரும்பு குறையாமலே சிறுத்திருந்தால், வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தும் அந்த எண் அசையாது.

அடுத்து காய்ச்சல்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை. மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கும். ஒருவருக்குக் காய்ச்சல் ஐந்து நாளாக இறங்கவில்லை. தலைவலி மண்டையைப் பிளக்கிறது, உடம்பு வலி, கொஞ்சம் இருமல். ரத்தம் எடுக்கிறார்கள். தட்டணு 70,000, ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது. ஈரலுக்கான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் மூன்று மடங்கு. வெள்ளணு குறையவில்லை, கொஞ்சம் ஏறியே இருக்கிறது. வீட்டில் டெங்கு என்று முடிவு கட்டி, பப்பாளி இலையும் நிலவேம்பும் தயாராகிவிடும். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். யாரோ டைபாய்டுக்கான வைடால் சோதனை எடுக்கிறார்கள், கொஞ்சம் ஏறியிருக்கிறது, ‘டைபாய்டு கலந்திருக்கு’ என்று ஊசி தொடங்குகிறது. காய்ச்சல் இறங்கவில்லை. எட்டாம் நாள் மூச்சு வாங்குகிறது.

இந்த மனிதரின் சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. அக்குள், இடுப்புக் கயிறு கட்டும் இடம், தொடை இடுக்கு. பெண்களுக்கு மார்புக்குக் கீழே, வயிற்று மடிப்பில். சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று, சுற்றிலும் லேசாகச் சிவந்து. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளியே பார்த்திருக்க மாட்டார். இதுதான் உண்ணிக்காய்ச்சல், டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய உண்ணிக் குஞ்சு, புதர் ஓரத்தில் உடம்பில் ஏறி, துணி இறுக்கும் இடத்தில் கடிக்கிறது. சி.எம்.சி. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் அந்தப் பொருக்கு கிடைத்தது. ஆக, இல்லை என்றால் இந்த நோய் இல்லை என்று ஆகாது. இருந்தால் ஏறக்குறைய உறுதி. இதைப் பார்க்க ரீஏஜென்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம். வெளிச்சமும் கூச்சம் விட்ட ஐந்து நிமிஷமும் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் சிப்பாய்களைக் கொன்ற நோய் இது. போருக்குப் பிறகு நம் ஊர் மருத்துவர்கள் இதை ஏறக்குறைய மறந்தேபோனார்கள். வேலூரில் 2001–02 குளிர்மாதங்களில் காரணம் தெரியாத காய்ச்சலோடு வந்தவர்களை எலிசபெத் மத்தாயும் சி.எம்.சி. சகாக்களும் ஆராய்ந்து, ஸ்க்ரப் டைபஸ் என்று உறுதிசெய்து, 2003-இல் வெளியிட்டார்கள். குளிர்மாதம் என்பதைத் தலைப்பிலேயே வைத்தார்கள். மாதம் என்பது ரிப்போர்ட்டில் தேதியாக மட்டும் இருக்கும், யாரும் அதை ஒரு பரிசோதனை முடிவாகப் படிப்பதில்லை. நான் படிப்பேன். சித்திரையில் வரும் தட்டணுக் குறைவும் கார்த்திகையில் வரும் தட்டணுக் குறைவும் எனக்கு ஒன்றில்லை.

இதற்கு டாக்சிசைக்ளின் கேட்கும். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். டைபாய்டுக்குப் போடும் வழக்கமான செஃப்ட்ரையாக்சோன் ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. நோய் முற்றியவர்களுக்கு எது நல்லது என்று சி.எம்.சி.யின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 பேரிடம் சோதித்தார்கள், 2023-இல் முடிவு வந்தது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ தனியாகக் கொடுத்ததைவிட இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றியது மேலானது. இறப்பு, ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் இறங்காத காய்ச்சல் என்ற மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், தனி மருந்துக்கு 47, 48 சதவீதம், சேர்த்துக் கொடுத்ததற்கு 33 சதவீதம். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்போம், அதனால் கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

சரி, ஸ்க்ரப் டைபஸ் ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் முடிந்ததா? அங்கும் ஒரு சிக்கல். சி.எம்.சி.யும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து நம் பக்கத்து 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். இந்தக் கிருமி தொற்றியவர்களில் காய்ச்சல் கண்டவர்கள் சிறு பகுதிதான். மற்றவர்கள் தெரியாமலே தாண்டிவிட்டார்கள். அவர்கள் ரத்தத்திலும் எதிர்ப்புப் புரதம் மாதக்கணக்கில் தங்கும். போன வருஷம் தெரியாமல் தொற்றியவருக்கு இன்று டைபாய்டு காய்ச்சல் வந்து, சோதனையில் ஸ்க்ரப் பாசிட்டிவ் என்று வரலாம். வைடாலிலும் இதே கோளாறுதான், என்றோ வந்துபோன தொற்று இன்று எண்ணாக எழுந்து நிற்கும். டைபாய்டு என்று நினைத்தால், ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் வைக்கச் சொல்லுங்கள். ஊசி போட்டபின் கிருமி பெரும்பாலும் முளைக்காது.

சில எண்கள் நோயே இல்லாமலும் கோணும், அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஒரு ரசாயனம் சிலருடைய தட்டணுக்களை ஒட்டவைத்துவிடும். மெஷின் கட்டியை எண்ணாது, தட்டணு 30,000 என்று அடித்துவிடும். ஆள் திடமாக நடந்து வந்திருப்பார், உடம்பில் ஒரு புள்ளிகூட இருக்காது. கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அல்லது நீல மூடிக் குழாயில் திரும்ப எடுத்தால் சரியாகிவிடும். சிரமப்பட்டு எடுத்த ரத்தம் குழாயில் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். முந்தின நாள் கல் உடைத்தவருக்கு, மூட்டை தூக்கியவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருக்கும். அது தசையிலிருந்தும் வரும் பொருள், ஈரலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஈ.எஸ்.ஆர். மட்டும் ஏறியிருந்தால் நான் அதைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, ஆளைப் பார்த்துக் கவலைப்படுவேன். வயசு ஏறினால் அதுவும் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், ரத்தசோகையில் ஏறும்.

எண்ணுக்காகக் காத்திராதீர்கள் என்று சொல்ல வேண்டிய நேரங்களும் உண்டு. காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால், பேச்சு குழறினால், ஈறிலோ மலத்திலோ ரத்தம் வந்தால், ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ அன்றைக்கே போய்விடுங்கள்.



(உரைக்குப் பின் கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றில் ஒன்று இங்கே.)

கேள்வி: ஐயா, நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில ஒட்டுற செக்‌ஷன்ல இருக்கேன். தலை சுத்துது, சாயங்காலம் ஆனா தலைவலி. ரத்தம் எடுத்துப் பார்த்தேன், எல்லாம் நார்மல்னு வந்துடுச்சு. தோல் ரசாயனத்தால வர்றது ரத்தத்துல தெரியுமா?

பதில்: அம்மா, நல்ல கேள்வி கேட்டீங்க. தோல் பதனிடும் குரோமியம் சாதாரணப் பேக்கேஜ் பரிசோதனையில் வராது. அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும், அதுவும் அண்மையில் உடம்பில் ஏறியதைத்தான் பெரும்பாலும் காட்டும். நீங்கள் இருப்பது பசை ஒட்டும் இடம். அங்கே நான் கேட்பது பசையில் என்ன கரைப்பான் என்றுதான்.

இஸ்தான்புல்லில் நடந்ததைச் சொல்கிறேன். துருக்கி ஷூ தொழிலில் பழைய கரைப்பானுக்குப் பதிலாக பென்சீன் கலந்த பசை ஐம்பதுகளின் பிற்பாதியில் புழக்கத்துக்கு வந்தது. முசாஃபர் அக்சோய் என்ற ரத்தநோய் மருத்துவரிடம் ரத்த அணுக்கள் எல்லாமே குறைந்துபோன நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். காகிதத்தில் மூன்று வரியிலும் ‘எல்’. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு. அவர் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். திரும்பத் திரும்ப ஒரே பதில் வந்தது, ஷூ வேலை. சின்னச் சின்ன அறைகள், காற்றுப் போக்கு இல்லை, நாள் முழுக்கப் பசை வாசனை. 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஷூ தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வந்ததை அவர் 1974-இல் வெளியிட்டார். பென்சீன் பசையை நிறுத்த நிறுத்த, புதிய நோயாளிகளும் குறைந்தார்கள். அவர் கண்டுபிடிக்கப் பயன்பட்ட கருவி அந்த ஒரு கேள்விதான்.

ஜப்பானில் அறுபதுகளில் இன்னொரு வகை நடந்தது. வீட்டிலேயே செருப்பு ஒட்டிக்கொடுத்த தொழிலாளர்களுக்குக் கால் மரத்துப்போனது, பாதம் தூக்க வரவில்லை. அங்கே குற்றவாளி ஹெக்சேன் என்ற கரைப்பான். அது நரம்பைக் கெடுக்கும், ரத்த அணுக்களைத் தொடாது. அவர்களுடைய ரத்த ரிப்போர்ட்டை எடுத்திருந்தால் அணுக்கள் பெரும்பாலும் நார்மல் என்றே வந்திருக்கும். உங்களுக்குச் செருப்பு காலிலிருந்து தெரியாமல் நழுவுகிறதா? இல்லை என்கிறீர்கள். நல்லது. நழுவத் தொடங்கினால் அன்றைக்கே வாருங்கள்.

உங்கள் கம்பெனிப் பசையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் எதையும் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளிலும் தலைவலி இல்லாமல் இருக்கிறதா என்று இரண்டு வாரம் குறித்துவையுங்கள். உங்கள் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். பசை டப்பாவின் லேபிளைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதோடு இதற்கு முன் எடுத்த ரத்த ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் இருந்தால், எவ்வளவு பழசானாலும் சரி, அதையும்.